1,300 டிகிரி ஏன் போதவில்லை?

கையடக்க கேஸ் டார்ச் வாங்கும் பலருக்கு முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம் வரும். பெட்டியின் மேல் ‘1,300 டிகிரி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. செம்புக் குழாயை ஒட்ட வாங்கிய ஈயமில்லாத சால்டர் கம்பியோ 230 டிகிரியை ஒட்டி உருகிவிடும் என்கிறார்கள். ஐந்து மடங்குக்கு மேல் சூடு கையில் இருக்கிறது. ஆனாலும் குழாயின் எல்போவில் ஐந்து நிமிடம் சுடரைக் காட்டிவிட்டு சால்டர் கம்பியை வைத்தால், அது உருகி ஓடாமல் குச்சி மாதிரி விறைத்து நிற்கிறது. குழாய் கறுத்ததுதான் மிச்சம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், பெட்டியில் இருப்பது பொய்க் கணக்கு என்ற முடிவுக்கு வருவது இயல்பு.

அந்த முடிவு தவறு என்பதற்கு ஒரு சிறிய சோதனை போதும். பழைய மின்வயரை வெட்டி, உள்ளே இருக்கும் மயிரிழைச் செம்புக் கம்பிகளில் ஒன்றை இடுக்கியால் உருவி, அதே டார்ச்சின் நீலச் சுடரில் நுனியைக் காட்டுங்கள். கண் இமைப்பதற்குள் நுனி சிவந்து, சுருண்டு, கடுகில் பாதியளவு முத்தாகத் திரண்டு நிற்கும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். ஆக, சுடரின் சூட்டில் பொய் இல்லை. செம்பையே உருக்கும் சுடரால் ஒரு செம்புக் குழாயை 230 டிகிரிக்குக் கொண்டுபோக முடியவில்லை என்பதுதான் புதிர். டார்ச் வாங்குவதில் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்தப் புதிரின் விடைக்குள்ளேயே இருக்கிறது.

மத்தாப்பும் தோசைக்கல்லும்

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடிக்கும் குழந்தையின் புறங்கையில் பொறிகள் விழுகின்றன. ஒவ்வொரு பொறியும் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான இரும்புத் துகள். சுருக்கென்று இருக்கும், பெரும்பாலும் வடுகூட விழாது. 200 டிகிரி தோசைக்கல்லில் அதே கை பட்டால் கொப்புளம் நிச்சயம். துகளில் வெப்பநிலை அதிகம், வெப்பம் சொற்பம். கல்லில் வெப்பநிலை குறைவு, வெப்பம் ஏராளம். வெப்பநிலை என்பது எவ்வளவு சூடு என்ற அளவு. வெப்பம் என்பது கைமாறக்கூடிய சரக்கு. அன்றாடப் பேச்சில் இரண்டையும் ‘சூடு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். டார்ச் பெட்டிகளும் அதையே செய்கின்றன.

மூன்றாவதாக ஓர் அளவு இருக்கிறது. ஒரு நொடிக்கு எவ்வளவு வெப்பம் வந்து சேருகிறது என்பது அது. இதை வெப்ப வீதம் என்று அழைக்கலாம். அளக்கும் அலகு, மின்விளக்குகளில் நாம் தினமும் பார்க்கும் வாட்தான்: நொடிக்கு ஒரு ஜூல் ஆற்றல் என்றால் ஒரு வாட். டார்ச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த எண்ணை வைத்து என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். பெட்டியில் பெரிதாக அச்சிடும் வெப்பநிலை ஒரு டார்ச்சை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதே இல்லை. பியூட்டேன் காற்றில் எரியும்போது கணக்குப்படி எட்டக்கூடிய உச்ச வெப்பநிலை ஏறக்குறைய 1,970 டிகிரி, புரொப்பேனுக்கு 1,980. இரண்டு வாயுக்களுக்கும் வித்தியாசம் வெறும் பத்து டிகிரி. பேனா அளவு டார்ச்சானாலும் கை நிறையப் பிடிக்கும் டார்ச்சானாலும் எரிவது அதே வாயு, அதே காற்றில். நடைமுறையில் சுடர் சுற்றுப்புறத்துக்குச் சூட்டை இழப்பதால் எண் குறையும். 1,300 என்று ஒருவர் போடுவதும் 1,400 என்று இன்னொருவர் போடுவதும் எங்கே, எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்த விஷயம்.

லைட்டரின் மஞ்சள், டார்ச்சின் நீலம்

சிகரெட் லைட்டரிலும் பெரும்பாலும் பியூட்டேன்தான். பிறகு ஏன் லைட்டரின் சுடர் மஞ்சளாக ஆடுகிறது, டார்ச்சின் சுடர் நீலமாகச் சீறுகிறது? ஒரு லிட்டர் பியூட்டேன் வாயு முழுமையாக எரிய ஏறக்குறைய 31 லிட்டர் காற்று வேண்டும். லைட்டரில் வாயு சோம்பலாக வெளியே வந்து, ஓரத்தில் மட்டும் காற்றைச் சந்திக்கிறது. நடுவில் இருக்கும் வாயுவுக்குக் காற்று கிடைப்பதில்லை. அது சிதைந்து கரித் துகள்களாகிறது. அந்தத் துகள்கள் தகதகவென்று ஒளிர்வதுதான் மஞ்சள். அப்படிப்பட்ட சுடர் படும் இடத்தில் கரி படியும். கரி படிந்த உலோகத்தில் சால்டர் ஒட்டாது.

டார்ச்சில் வாயு, ஊசி நுழையாத சிறு துளை வழியாகப் பீறிட்டு வருகிறது. அந்த வேகம், நாசிலின் பக்கத்தில் இருக்கும் துளைகள் வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எரிவதற்கு முன்பே காற்றும் வாயுவும் கலந்துவிடுவதால் கரி உண்டாக நேரமில்லை. எரிதல் ஒரு சிறு நீலக் கூம்புக்குள் முடிந்துவிடுகிறது. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புன்சனும் கருவி செய்யும் கைவினைஞரான பீட்டர் டெசாகாவும் 1855-இல் உருவாக்கிய ஆய்வக பர்னரின் உத்தி இதுதான். நம் சமையலறை அடுப்பும் இதே வழியில் வேலை செய்கிறது. பர்னரில் அடைப்பு வந்து சுடர் மஞ்சளானால் பாத்திரத்தின் அடி கறுப்பதும் இதனால்தான்.

நம் பொற்கொல்லர்கள் இந்த இரகசியத்தை மூச்சுக்காற்றால் கையாண்டார்கள். விளக்குச் சுடரில் ஊதுகுழலால் ஊதி, சுடரை வளைத்து, கூர்மையாக்கி, நகையின் இணைப்பில் தூவிய பற்றுப்பொடியை உருக்கினார்கள். ‘பொடி வைத்துப் பேசுவது’ என்று நாம் சொல்வது அந்தப் பட்டறையிலிருந்து வந்த வழக்கு. எண்ணெய் விளக்கு ஒன்றுதான். ஊதாதபோது வெளிச்சம், ஊதும்போது கருவி. ஒரே எரிபொருளிலிருந்து வரும் வெப்பத்தைச் சிறிய இடத்தில் குவிப்பதே டார்ச்சின் முதல் வேலை. எவ்வளவு வெப்பத்தைக் குவிப்பது என்பது அடுத்த கேள்வி.

ஓர் எல்போவின் கணக்கு

சூரிய வெந்நீர்க் கருவிக்குப் போகும் 15 மில்லிமீட்டர் செம்புக் குழாயை எடுத்துக்கொள்வோம். சுவர்த் தடிமன் 0.7 மில்லிமீட்டர் என்றால் ஒரு மீட்டர் குழாய் ஏறக்குறைய 280 கிராம் எடை. எல்போவின் இரு பக்கமும் பத்துப் பத்து சென்டிமீட்டர் குழாய் சூடாக வேண்டும் என்று வைத்தால் 56 கிராம். எல்போவுக்கு 24 கிராம் சேர்த்தால் மொத்தம் 80 கிராம் செம்பு. ஒரு கிராம் செம்பை ஒரு டிகிரி ஏற்ற 0.385 ஜூல் போதும். அறையின் 30 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்குக் கொண்டுபோக, 80 கிராமுக்கு ஏறக்குறைய 6,800 ஜூல் தேவை. குழாயின் ஓரங்கள் நடுப்பகுதி அளவுக்குச் சூடாக வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் அவற்றைத் தாண்டியும் வெப்பம் ஓடத்தான் செய்யும். மேலோட்டமான கணக்குக்கு இது போதும்.

இப்போது டார்ச் பக்கம். ஒரு கிராம் பியூட்டேன் எரிந்தால் ஏறக்குறைய 46,000 ஜூல் கிடைக்கிறது. அப்படியென்றால் மொத்த வேலைக்கும் கால் கிராம் வாயுகூடத் தேவையில்லை! ஆனால் அந்தக் கால் கிராமை எவ்வளவு நேரத்தில் எரிக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பேனா வடிவ டார்ச் ஒன்று மணிக்கு 10 கிராம் எரிப்பதாக வைப்போம்; அதன் வெப்ப வீதம் ஏறக்குறைய 128 வாட். சுடரின் வெப்பத்தில் பெரும்பகுதி குழாயைத் தொட்டுவிட்டு மேலே பறந்துவிடும். நான்கில் ஒரு பங்கு உலோகத்துக்குள் போகிறது என்றால் 32 வாட். 6,800 ஜூலை 32 வாட்டில் நிரப்ப மூன்றரை நிமிடம். பொறுமையாக இருந்தால் நடந்துவிடும் போலத் தோன்றுகிறது.

நடக்காது. காரணம், நாம் நிரப்புவது ஓட்டைப் பானை. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு மிகவும் தாராளம். இரும்பைவிட ஐந்து மடங்கு அதிகம் கடத்தும். எல்போ 250 டிகிரியிலும், பத்து சென்டிமீட்டர் தள்ளிக் குழாய் இன்னும் அறைச் சூட்டிலும் இருக்கும் நிலையைக் கற்பனை செய்யுங்கள். அந்த மெல்லிய குழாய்ச் சுவர் வழியாக ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 27 ஜூல் ஓடிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 54 வாட். உள்ளே வருவதோ 32. எல்போ 250 டிகிரியை அடையும் முன்பே வரவும் செலவும் சமமாகிவிடுகின்றன. அதன் பிறகு மணிக்கணக்காகச் சுடரைக் காட்டினாலும் சால்டர் உருகாது. மயிரிழைக் கம்பி உருகியதற்கும் குழாய் சூடேறாததற்கும் காரணம் ஒன்றே. கம்பியில் செம்பும் சொற்பம், வெப்பம் தப்பியோடும் வழியும் ஒடுக்கம்.

நான்கில் ஒரு பங்கு என்பது கஞ்சத்தனமான மதிப்பீடு என்று ஒருவர் கேட்கலாம். பாதி உள்ளே போகிறது என்று தாராளமாகவே வைப்போம், 64 வாட். கசிவு 54 போக மிச்சம் 10 வாட். அந்த மிச்சத்தில் கடைசி ஐம்பது டிகிரியை ஏற்றவே இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். சால்டரிங்கில் நேரம் இலவசம் இல்லை. செம்பின் மேல் படியும் ஆக்சைடை நீக்க நாம் தடவும் பிளக்ஸ், சில நிமிடங்களில் கருகிப் பயனற்றுப் போய்விடும். அதற்குப் பிறகு சால்டர் உருகினாலும் ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடும். மெதுவாகச் சூடேற்றுவது தாமதம் மட்டுமல்ல, ஒட்டு கெடுவதற்கே காரணம்.

இதற்கு நேர்மாறாக, பியூட்டேன் டப்பாவின் தலையில் பூட்டும் டார்ச் மணிக்கு 120 கிராம் எரித்தால் அதன் வீதம் 1,500 வாட்டுக்கு மேல். கால் பங்கு உள்ளே போனாலும் 380 வாட். கசிவெல்லாம் போக அரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். குழாயில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தடுமாறும். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும்; மூன்றே கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி தண்ணீர், முழு எல்போவுக்குத் தேவையான வெப்பத்தை விழுங்கிவிடும். வால்வு சரியாக அடையாமல் சொட்டும் குழாயில் எந்த டார்ச்சும் தோற்பது இதனால்தான். அங்கே குறை கருவியில் இல்லை.

பெரிதாக வாங்கித் தணித்துக்கொள்ளக் கூடாதா?

நியாயமான கேள்வி. வீதம்தான் முக்கியம் என்றால் பெரிய டார்ச்சே எல்லாவற்றுக்கும் போதுமே, வேண்டாதபோது திருகைக் குறைத்துக்கொள்ளலாமே. ஓர் எல்லை வரை குறைக்கலாம். பியூட்டேனும் காற்றும் கலந்த கலவையில் எரிதல் பரவும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். நாசிலின் வாயில் சுடர் நிற்பது, வெளியே ஓடும் கலவைக்கும் உள்ளே நுழையப் பார்க்கும் எரிதலுக்கும் இடையே ஓர் இழுபறி. திருகை அதிகமாகக் குறைத்தால் எரிதல் ஜெயித்து, ‘டப்’ என்ற ஓசையுடன் சுடர் குழாய்க்குள் புகுந்துவிடும். அல்லது காற்றை இழுக்கும் வேகம் போய், சுடர் மஞ்சளாகிக் கரி கக்கும். அகன்ற நாசிலில் ஊசி முனைச் சுடர் வராது.

சின்ன வேலைக்குச் சின்னச் சுடர் வேண்டும் என்பது வெறும் நளினத்துக்காக அல்ல. ஒரு சதுர மில்லிமீட்டர் வயர்கள் இரண்டை முறுக்கி இரண்டு சென்டிமீட்டர் நீளம் ஒட்ட வேண்டும் என்றால், அங்கே செம்பு 0.4 கிராம்கூட இல்லை. முப்பது ஜூல் இருந்தால் சால்டர் உருகும். பேனா டார்ச்சின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு பட்டாலும் இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடும். அங்கே 1,500 வாட் சுடரைக் காட்டினால், 70 டிகிரி தாங்குமாறு செய்த பிவிசி உறை, சால்டர் கம்பியை எடுப்பதற்குள் சுருண்டு வழிந்துவிடும். மூக்குத்தித் திருகு, கண்ணாடி பிரேம், செயின் கண்ணி எல்லாமே இந்த வகை.

மின்னணுப் பலகைகளுக்குச் சுடரே வேண்டாம். சில பேனா டார்ச்சுகளில் சால்டரிங் முனை ஒன்றும் கூடவே வரும். அதற்குள் பிளாட்டினம் பூசிய ஒரு சிறு வலை இருக்கும். வாயுவும் காற்றும் அந்தப் பரப்பின் மேல் சுடரே இல்லாமல் எரிந்து முனையைச் சூடாக்கும். சூடான பிளாட்டினக் கம்பி எரிவாயுக் கலவையில் சுடரின்றி ஒளிர்வதை ஹம்ஃப்ரி டேவி 1817-இல் கண்டறிந்தார். மின்சாரம் எட்டாத இடத்தில் இரண்டு வயரை ஒட்ட அந்த முனை அருமையான வசதி. வீட்டு மேசையில், பிளக் பக்கத்திலேயே இருக்கும்போது, மின்சார சால்டரிங் அயர்ன்தான் சிறந்தது என்பேன்.

டப்பா குளிர்ந்துபோகும்போது

புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் சூட்டில் வித்தியாசமில்லை என்றால், இரண்டையும் ஏன் தனித்தனியாக விற்கிறார்கள்? அழுத்தம்தான் காரணம். டப்பாவுக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகி வந்தால்தான் டார்ச் எரியும். பியூட்டேன் கொதிப்பது பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. புரொப்பேன் பூஜ்யத்துக்கு 42 டிகிரி கீழே. ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி விடியலில் பியூட்டேன் டார்ச் மூச்சுத் திணறும், புரொப்பேன் டார்ச் சீறும். சென்னையில் இந்தக் கவலை இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு கிராம் பியூட்டேன் ஆவியாக 370 ஜூல் அளவுக்கு வெப்பத்தை டப்பாவிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 120 கிராம் எரித்தால் டப்பா 12 வாட் வீதம் குளிர்ந்துகொண்டே இருக்கும். நிறைந்த டப்பாவில் இது தெரியாது. ஐம்பது கிராம் மட்டும் மிஞ்சியிருக்கும்போது, திரவமும் தகரமும் பத்துப் பதினைந்து நொடிக்கு ஒரு டிகிரி குளிரத் தொடங்கும். வெளிக்காற்று கொஞ்சம் ஈடுகட்டினாலும் டப்பாவின் வெளிப்புறத்தில் திரவ மட்டம் வரை பனித்துளி கோத்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். அழுத்தம் இறங்கும், சுடர் சுருங்கும், வாட் குறையும். பாதி வேலையில் சால்டர் உருகாமல் நிற்கும்.

அப்படியானால் வீட்டு சிலிண்டரில் இருந்து அந்தக் காலி டப்பாவில் வாயுவை ஏற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை சிலருக்கு வருகிறது. இது உயிருக்கே உலை வைக்கும் யோசனை, சட்டமும் அனுமதிப்பதில்லை. வீட்டு எல்பிஜியில் பியூட்டேனோடு புரொப்பேனும் கலந்திருக்கிறது. வெயிலில் நின்ற காருக்குள் டப்பா 50 டிகிரியை எட்டினால் பியூட்டேனின் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஐந்து மடங்கு. புரொப்பேனுடையது பதினேழு மடங்கு. மெல்லிய டப்பாவை அதற்காகச் செய்யவில்லை. டார்ச்சில் பியூட்டேன் நிரப்புவதையும் வாசலுக்கு வெளியே செய்ய வேண்டும். அந்த வாயு காற்றைப்போல் இரண்டு மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து அடுத்த அறையின் பூஜை விளக்கு வரை போகும். சுத்திகரித்த லைட்டர் வாயுவில் பெரும்பாலும் வாசனைப் பொருள் சேர்ப்பதில்லை என்பதால் மூக்கும் எச்சரிக்காது.

‘மேப்’ என்ற பெயரில் மஞ்சள் சிலிண்டரில் வரும் வாயு எல்லாவற்றையும் மிஞ்சியது என்ற பேச்சும் உண்டு. அந்தப் பெயருக்குரிய பழைய கலவையின் உற்பத்தி 2008-இல் நின்றுவிட்டது. இப்போது அந்த வகைச் சிலிண்டர்களில் இருப்பது பெரும்பாலும் புரொப்பிலீன். புரொப்பேனைவிடக் கொஞ்சம் சூடு அதிகம், ஏசி குழாய்களை 700 டிகிரிக்கு மேல் பிரேசிங் செய்கிறவர்களுக்கு உதவும். சால்டரிங்குக்கு அந்தக் கூடுதல் விலை வீண்.

கடையில் நிற்கும்போது

முதலில் உங்கள் வேலையின் கனத்தை நினையுங்கள். அதிகமாகச் செய்யப்போவது வயரும் நகையும் என்றால் மணிக்குப் பத்துப் பதினைந்து கிராம் எரிக்கும் பேனா டார்ச். குழாய் என்றால் டப்பாவில் பூட்டும் தலை. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு வாங்குவதே சரி. இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் நடுத்தர டார்ச் வேண்டாம். குழாய் வேலைக்கு வாங்குபவர் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: சாய்த்துப் பிடித்தால் என்ன ஆகும்? டப்பா தலைகீழானால் வாயுவுக்குப் பதில் திரவமே நாசிலுக்கு வந்து, முழ நீள மஞ்சள் தீயாகப் பாயும். பரணுக்குக் கீழே அண்ணாந்து ஒட்டும்போது இது முகத்துக்கு நேராக நடக்கும். திரவத்தை வழியிலேயே சூடாக்கி ஆவியாக்கும் குழாயமைப்பு உள்ள தலைகள் கிடைக்கின்றன; அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகும். பொத்தானை அழுத்தினால் பொறி வரும் வசதி இருக்கட்டும், ஆனால் கடலோரக் காற்றில் அது எப்போது வேண்டுமானாலும் மக்கர் செய்யும் என்பதால் தனியாக ஒரு லைட்டரும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு பிடிக்கும் முறையும் முக்கியம். மிக அதிகச் சூடு உள் நீலக் கூம்பின் முனைக்குச் சற்று வெளியே இருக்கிறது. கூம்பையே உலோகத்தில் முட்டவைத்தால் எரிதல் முடியுமுன் சுடர் குளிர்ந்துவிடும்.

மணிக்கு எத்தனை கிராம் என்பதைப் பல தயாரிப்பாளர்கள் பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் சமையலறைத் தராசு சொல்லிவிடும். டப்பாவோடு டார்ச்சை எடை போடுங்கள். திறந்த வெளியில் பத்து நிமிடம் முழுச் சுடரில் எரியவிட்டு, நன்றாக ஆறியதும் மறுபடி எடை போடுங்கள். 20 கிராம் குறைந்திருந்தால் மணிக்கு 120. மணிக்கு ஒரு கிராம் என்பது ஏறக்குறைய 13 வாட் என்பதால் 120-ஐ 13-ஆல் பெருக்க, 1,560 வாட். பேனா டார்ச்சுக்கு இந்தத் தராசின் நுணுக்கம் போதாது. நகை நிறுக்கும் சின்னத் தராசு வேண்டும். டப்பா முக்கால்வாசி தீர்ந்த பிறகு இதே சோதனையை இன்னொரு முறை செய்து பாருங்கள். இரண்டாவது எண் சிறியதாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், டப்பா குளிர்ந்ததால் நீங்கள் இழந்த வாட்.